இரவல் இணைப்பு

கருவி ஒன்றை வாங்கப் புகுவோர் விலையையும் வேகத்தையும் உழைப்பையும் கணக்கிடுவர். நாமும் அவ்வாறே கணக்கிட்டோம். எம் மகளின் படிப்புக்காகக் கைக்கணினி ஒன்று தேவைப்பட்டபோது, தனக்கென ஒரு சிம் அட்டையை ஏற்றுத் தானே இணையத்தோடு இணையும் வகையை வாங்குவதா, அன்றிச் சிம் அட்டைக்கு இடமில்லாத வகையை வாங்கி, நம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து அதற்கு இணையம் கொடுப்பதா என்னும் ஐயம் எழுந்தது. அறந்தாங்கிக் கடைத்தெருவில் நின்றபடியே ஐந்து நிமிடங்களில் அதனைத் தீர்த்துவிட்டதாக எண்ணினோம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவ்வினா வேறு உருவில் எம் இல்லத்துக் கூடத்தில் வந்து நின்றது. பொருள் சிறிதே, அதனுள் நாம் செய்த பிழை சிறிதன்று. ஆகவே அதனை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பி.பி. எண்

இன்றைய மாணவர் பலரும் அறியாத ஒரு சுருக்கம் உண்டு. 1980களிலும் 90களிலும் அச்சான திருமண அழைப்பிதழ்களிலும் முகவரி அட்டைகளிலும் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்னும் ஈரெழுத்து காணப்படும். அவ்வெண் அவருக்கு உரியதன்று. அண்டை வீட்டாருக்கோ எதிர்க்கடைக்காரருக்கோ உரியது. அழைத்தால் ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள் என்பது அதன் பொருள். தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஒரு தெருவில் ஒரு வீட்டில் தொலைபேசி இருந்தால் அது தெருவுக்கே பொதுவாக இருந்தது.

இத்தமிழ்த் துறையில் பயின்று வெளியேறிய சில ஆண்டுகளில், நம் வட்டார இளைஞர் பலரையும் போல நாமும் பிழைப்பு நாடி வளைகுடா சென்றோம். 1991 முதல் ஐந்தாண்டுகள் ரியாத் நகரில் பணி. மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், வரிசையில் நின்று அறந்தாங்கியில் உள்ள அண்டை வீட்டு எண்ணுக்கு அழைப்போம். அவ்வீட்டார் மிக நல்லவர்கள். "கொஞ்சம் இருங்க தம்பி, கூப்பிட்டு வருகிறோம்" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுச் செல்வர். அவ்வாறு காத்திருந்த நிமிடங்களுக்கும் கட்டணம் உண்டு. பின்னர் காலடி ஓசை கேட்கும். எம் துணைவியார் மூச்சிரைக்க ஸலாம் கூறுவார். ஊரில் மழை பெய்தது, பணம் வந்து சேர்ந்தது, அத்தாவுக்குக் காய்ச்சல் தணிந்தது என்று சொல்வார். அவ்வளவே. அண்டை வீட்டுக் கூடத்தில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு ஒரு பெண் தன் கணவனிடம் வேறு என்ன பேச இயலும்? நெஞ்சில் உள்ளவற்றையெல்லாம் வான் அஞ்சல் கடிதங்களே சுமந்து வந்தன.

பணம் கொடுத்து வாங்காத இணைப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை அன்றே நாம் அறிந்தோம். அறிந்தும் பின்னாளில் மறந்தோம்.

இருவழிகளின் இயல்பு

இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் தொடங்கியது. அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, தில்லியிலிருந்த மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். செல்வர்க்கே எட்டியதாகத் தொடங்கிய அக்கருவி, இருபதாண்டுகளில் ஏழையின் கைக்கும் வந்தது. 2016 செப்டம்பர் 5ஆம் நாள் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபின் இணையத்தின் விலையும் சரிந்தது.

கைக்கணினியின் வரலாற்றில் தொடக்கம் முதலே இவ்விரு வழிகளும் பிரிந்து நின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது வைஃபை மட்டுமே கொண்டிருந்தது; சிம் அட்டை ஏற்கும் வகை அதே மாத இறுதியில் 130 டாலர் கூடுதல் விலையில் வந்தது. நம் நாட்டிலும் இதே நிலைதான். மாணவர்க்கெனக் குறைந்த விலையில் உருவாக்கப்பட்ட 'ஆகாஷ்' கைக்கணினியை 2011 அக்டோபர் 5ஆம் நாள் மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டார். அதில் சிம் அட்டைக்கு இடமில்லை. வைஃபை கிடைக்கும் இடத்தில் மட்டுமே அதற்கு இணையம். வைஃபை இல்லாத சிற்றூர் மாணவனுக்கு அக்கருவியால் என்ன பயன் என்னும் வினா அன்றே எழுந்திருக்க வேண்டும். பல இலட்சம் வீடுகளில் இன்று அவ்வினாவுக்கு விடையாக இருப்பது கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்.

இதன் இயக்கம் எளியது. கைப்பேசி ஒருபுறம் கோபுரத்திலிருந்து இணையத்தைப் பெறுகிறது. மறுபுறம் அதனையே வைஃபை அலையாக மாற்றிச் சில அடித் தொலைவுக்கு வழங்குகிறது. இரு வேலைகளையும் ஒருங்கே செய்வதால் கைப்பேசி சூடேறும்; மின்கலம் விரைந்து வற்றும். யுஎஸ்பி கம்பி வழியே இணைத்தால் மின்கலத்துக்கு இத்துணை வருத்தமில்லை. புளூடூத் வழியே இணைத்தால் மின்செலவு குறைவு, வேகமும் குறைவு. பல கைப்பேசிகளில், இணைந்த கருவி எதுவும் இல்லையெனில் சில நிமிடங்களில் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துவிடும். மீண்டும் ஒருவர் எழுந்து சென்று அதனை முடுக்கிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வைஃபை வழியே வருவதை அளவற்ற இணையம் என்று கைக்கணினி எண்ணிக்கொள்வதுண்டு. கேளாமலே செயலிகளைப் புதுப்பிக்கத் தொடங்கிவிடும். நாளொன்றுக்குரிய டேட்டா காலை பத்து மணிக்குள் தீர்ந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அமைப்புகளுக்குள் சென்று அவ்விணைப்பை 'மீட்டர்டு' எனக் குறித்துவைத்தால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். இதனை அறியாமல் ஓராண்டு நாம் நிறுவனத்தைக் குறை கூறிக்கொண்டிருந்தோம்.

சிம் ஏற்கும் கைக்கணினிக்கு இத்தொல்லைகள் பலவும் இல்லை. திறந்தவுடன் இணையம். எவர் துணையும் வேண்டா. ஆனால் கருவிக்குக் கூடுதல் விலை ஒருமுறை. இரண்டாம் சிம் அட்டைக்கு ரீசார்ஜ் மாதந்தோறும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்திய பின்னர் இரண்டாம் ரீசார்ஜ் என்பது எளிய குடும்பங்களுக்கு எண்ணிப் பார்க்க வேண்டிய செலவே ஆகும்.

கடைமடை

2020 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்து கல்லூரிகள் மூடப்பட்டபோது எம் மகள் இளங்கலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்தாள். எம் இல்லத்தில் இணையம் உள்ள கைப்பேசி ஒன்றே, அது எம்முடையது. துணைவியாரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அச்சிறு திரையில்தான் மகள் யாப்பருங்கலக்காரிகை கேட்டாள்.

2021 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர் 9.69 இலட்சம் பேருக்கு, ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி வழங்கும் விலையில்லா டேட்டா அட்டைகளை அறிவித்தது. எம் மகளுக்கும் ஓர் அட்டை கிடைத்தது. அதனைப் பெற்றுவந்த நாளில் அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நாம் மறக்கவில்லை. ஆனால் அதனைச் செருகுவதற்கு அவளிடம் கருவி ஏது? எம் கைப்பேசியின் இரண்டாம் துளையில் அது குடியேறியது. அவளுக்கென வந்த இணையம் எம் சட்டைப்பையில் இருந்தது. அதிலுள்ள முரண் அன்று எமக்கு உறைக்கவில்லை.

அவ்வாண்டே அவள் முதுகலையில் சேர்ந்தாள். இசுலாமியத் தமிழ் இலக்கியத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டாள். 1572இல் இயற்றப்பட்ட ஆயிரமசலா தொடங்கி, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என நம்மவர் படைத்த இலக்கிய வகைகளைத் தேடத் தொடங்கினாள். பழம்பதிப்புகள் பல இன்று ஒளிப்படப் பக்கங்களாகத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. மங்கிய அச்சு, நெருக்கமான எழுத்து. கைப்பேசித் திரையில் அவற்றை விரலால் பெருக்கிப் பெருக்கிப் படித்துக் கண் சிவந்தாள். அதனால்தான் கைக்கணினி வாங்கச் சென்றோம். கடைக்காரர் இரண்டையும் எடுத்து வைத்தார். "வீட்டில்தான் கைப்பேசி இருக்கிறதே, ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சிம் இல்லாததையே எடுத்தோம். சில ஆயிரம் ரூபாய் மிச்சம். மாதந்தோறும் ரீசார்ஜும் மிச்சம்.

நம் வட்டார மக்களுக்குக் கல்லணைக் கால்வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934இல் பாசனத்துக்கு வந்த அக்கால்வாய், தஞ்சைத் தரணியைக் கடந்து அறந்தாங்கிப் பகுதியில் வந்து முடிகிறது. நாம் கடைமடைக்காரர்கள். கல்லணையில் நீர் திறந்த செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, நம் வயலுக்கு அது எப்போது வரும் என்று கரையில் நின்று பார்ப்பவர்கள். தலைமடையார் தீயவர் அல்லர், தம் வயலுக்குப் பாய்ச்சுகின்றனர், அவ்வளவே. ஆனால் நீர் அவர்களைக் கடந்துதானே வர வேண்டும்?

எம் இல்லத்தில் மகள் கடைமடையில் இருந்தாள். பகலில் கடையில் அமர்ந்து நாம் செய்திகளும் சொற்பொழிவுகளும் பார்த்து முடித்த பின், இரவு எஞ்சியது அவளுக்கு. சில நாள்களில் எஞ்சியது, அளவு தீர்ந்தபின் வரும் 64 கேபிபிஎஸ் ஆமை நடை மட்டுமே. "அத்தா, ஹாட்ஸ்பாட் போடுங்கள்" என்பது எம் இல்லத்தில் அன்றாடம் ஒலித்த குரல். இஷாத் தொழுகைக்குப் பின் நாம் கண்ணயர்ந்துவிட்டால் அவள் எழுப்புவதில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அதனைப் பணிவு என்று கருதி மகிழ்ந்தோம்.

ஒரு நண்பகல்

2024ஆம் ஆண்டு, ஒரு கல்வி நிறுவனத்தில் தமிழ் ஆசிரியர் பணியிடத்துக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். இணையவழி நேர்காணல் மாலை நான்கு மணிக்கு என்று குறித்திருந்தனர். அன்று விடியற்காலையில் கோட்டைப்பட்டினத்தில் எம் நெடுநாள் நண்பரின் தாயார் மறைந்த செய்தி வந்தது. லுஹருக்கு முன் நல்லடக்கம். மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லிப் பேருந்து ஏறினோம். கைப்பேசி வழக்கம்போல் சட்டைப்பையில் இருந்தது.

பத்து மணியளவில் அந்நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நேர்காணல் நண்பகல் பன்னிரண்டுக்கு முன்தள்ளப்பட்டுள்ளது என்று. விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்தது எம் எண். வேறு எண் அவளுக்கு ஏது? பின்னர் இருமுறை அழைத்தும் இருக்கின்றனர். ஜனாஸா வீட்டில் கைப்பேசியை ஒலியடக்கி வைத்திருந்தோம். அடக்கத்தலத்திலிருந்து திரும்பி, ஒன்றரை மணிக்கு மேல் எடுத்துப் பார்த்தபோதுதான் யாவும் தெரிந்தன. துணைவியாரின் பழைய கைப்பேசிக்கு அழைத்தோம். மகள் எடுத்தாள். செய்தியைச் சொன்னோம். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. "பரவாயில்லை அத்தா. மையத்து வீட்டில் இருக்கிறீர்கள். பொறுமையாக வாருங்கள்" என்றாள்.

அஸருக்குப் பின் வீடு திரும்பியபோது கூடத்து மேசைமேல் கைக்கணினி இருந்தது. அருகில் குறிப்பேடு. நேர்காணலுக்கென அவள் எழுதிவைத்த வினாக்களும் விடைகளும் நான்கு பக்கங்கள். அந்நிறுவனத்துக்குத் தொலைபேசியில் விளக்கினோம். இடம் நிரம்பிவிட்டது என்று மரியாதையாகவே கூறினர். அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. செய்தியை அவர்கள் அனுப்பியே இருந்தனர். அது போய்ச்சேர வேண்டியவரிடம் போய்ச்சேரவில்லை.

அன்றிரவு துணைவியார் சொன்ன சொற்கள் இன்றும் செவியில் நிற்கின்றன. "அன்றைக்கு உங்கள் குரலைக் கேட்க அடுத்த வீட்டுக்கு ஓடினேன். இன்றைக்கு இந்தப் பிள்ளை உங்கள் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முப்பது வருடத்தில் என்ன மாறியது?"

மறுமொழி கூற எம்மால் இயலவில்லை. விண்ணப்பத்தில் மகள் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்னும் ஈரெழுத்து இல்லை. அது ஒன்றே வேறுபாடு.

மீண்டும் ஒரு கணக்கு

மறுவாரம் மகளை அழைத்துக்கொண்டு அதே கடைத்தெருவுக்குச் சென்றோம். சிம் ஏற்கும் கைக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவது என்று உறுதி கொண்டிருந்தோம். குற்ற உணர்வு விலையைப் பார்ப்பதில்லை. மகளோ மறுத்தாள். "இருக்கிற கைக்கணினி நன்றாகத்தானே இருக்கிறது அத்தா? ஹாட்ஸ்பாட்டும் நல்ல வழிதான். கைப்பேசி என்னுடையதாக இருந்தால் போதும்" என்றாள்.

மிகத் தாழ்ந்த குரலில் அவள் கூறிய அச்சொல்லில்தான் உண்மை முழுதும் இருந்தது. சிம் கைக்கணினியா, ஹாட்ஸ்பாட்டா என்று மூன்றாண்டுகளுக்கு முன் நாம் எழுப்பிய வினாவே பிழை. கைக்கணினியும் கைப்பேசியும் ஒருவருக்கே உரியனவாயின் ஹாட்ஸ்பாட் சிக்கனமான, செம்மையான வழி. கருவி ஒருவரிடமும் கைப்பேசி மற்றொருவரிடமும் இருக்குமாயின், அது சிக்கனம் அன்று. ஒருவரின் நேரத்தையும் வாய்ப்பையும் எடுத்து மற்றொருவரின் பணத்தை மிச்சப்படுத்துதல்.

இளங்கலை முடித்து முதுகலையும் முடித்த பெண்ணுக்கு அதுவரை ஒரு கைப்பேசி ஏன் வாங்கிக் கொடுக்கவில்லை? சிக்கனம் என்று சொல்லிவந்தோம். ஆனால் மூத்தவனுக்குப் பதினெட்டு நிரம்பியவுடன் வாங்கிக் கொடுத்தோம். அப்போது சிக்கனம் நினைவுக்கு வரவில்லை. பெண்பிள்ளை கையில் கைப்பேசி எதற்கு என்னும் தயக்கம் எம் உள்ளத்தின் மூலையில் இருந்தது. உறவினர் சிலர் சொல்லும் சொற்களுக்கு அஞ்சினோம். அத்தயக்கத்துக்குச் சிக்கனம் என்று பெயரிட்டு, அதனை ஹாட்ஸ்பாட்டின் மேல் ஏற்றிவைத்தோம். கல்வி ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என்று மேடைதோறும் முழங்கும் நாம், அக்கல்வி வந்து சேரும் வழியை மட்டும் நம் பையில் வைத்துக்கொண்டோம்.

அன்று நடுத்தர விலையில் ஒரு கைப்பேசியும், அவள் பெயரிலேயே ஒரு சிம் அட்டையும் வாங்கினோம். அதன் விலை, நாம் வாங்க நினைத்த சிம் கைக்கணினியின் விலையில் பாதிகூட இல்லை. பழைய கைக்கணினி இப்போது அவளுடைய கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இயங்குகிறது. வழி பழையதே, உரிமை புதியது.

எனினும் சிம் ஏற்கும் கைக்கணினி வீண் என்று எவரும் கொள்ள வேண்டா. கைப்பேசியின் நுட்பங்கள் அறியாத முதியவர் கடல்கடந்த பிள்ளையின் முகம் காண விரும்பினால், திறந்தவுடன் இணையம் வரும் கருவியே அவர்க்கு ஏற்றது. ஹாட்ஸ்பாட்டை முடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. களப்பணிக்காக நாள்முழுதும் ஊர் ஊராய்த் திரிவோர்க்கும், பேச்சுக்குரிய கைப்பேசியின் மின்கலம் வற்றிவிடக் கூடாது என்பதால், தனி இணைப்பு நன்று. ஒரே கைக்கணினியை வீட்டார் பலரும் பயன்படுத்தும் குடும்பத்துக்கும் அஃதே பொருந்தும்.

பேரிடர்க் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் நம் பகுதியின் தென்னைகளையும் பலா மரங்களையும் சாய்த்ததோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கோபுரங்கள் ஊமையாயின. அத்தகைய நாளில் சொந்த இணைப்பும் இரவல் இணைப்பும் ஒன்றே. ஆயினும் ஒரு வீட்டில் இரு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தால், ஒன்று உயிர் பெறும் நேரத்தில் மற்றொன்றுக்கும் அது உதவும். அந்நாளில் கைப்பேசியின் மின்கலத்தை ஹாட்ஸ்பாட்டில் கரைப்பது கூடாது; இருக்கும் சிறு ஆற்றல் ஒரு குரலுக்காகக் காக்கப்பட வேண்டும்.

2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. கருவியை அரசு தரலாம். அக்கருவி நடுப்பகலில் விழித்திருக்குமா, வீட்டுத் தலைவர் வெளியே சென்றவுடன் உறங்கிவிடுமா என்பதை அரசு முடிவு செய்ய இயலாது. அதனை முடிவு செய்வோர் பெற்றோராகிய நாமே.

எம் மகள் இப்போது ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அன்று கைநழுவிய பணியிடம் திரும்பவில்லை. இறைவன் நாடினால் வேறொன்று வரும். சென்ற மாதம் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள், தொடர்பு எண் என்னும் கட்டத்துக்கு வந்ததும் எம்மைக் கேட்கவில்லை. தானே எழுதினாள். பத்து இலக்கங்கள். அருகில் அமர்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த துணைவியார் அதனை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பின் தம் திக்ரைத் தொடர்ந்தார்.